ஆறு வாரம் ஓடாத மகனுக்கு

மகனே,

அப்பாதான் எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. நானும் உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேசலாம், எழுத எனக்கு வராது. பேசலாம் என்றால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும். வெளியே வந்து பேசலாம் என்றால் இவ்வளவையும் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் போனில் அனுப்பலாம் என்றால் அவள்தான் எழுதித் தர வேண்டும். இதில் இருப்பதோ அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால் மஞ்சக்குப்பம் தபாலாபீஸில் கவர் வாங்கி, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவர் என் பக்கமே பார்ப்பது போல இருந்ததால் ஒரு தடவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். நீ சிரிப்பாய். சிரி.

நான்கு வாரத்துக்கு முன்னால் பிச்சாவரம் படகுத்துறையில் நீ என்னிடம் சொன்னது இதுதான்: "இனிமே நேரம் கேட்டீங்கன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன்ப்பா." நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபத்தில் சொன்னான் என்று விட்டிருப்பேன். நீ மெதுவாகச் சொன்னாய், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. உன்னைத் திரும்ப வீட்டுக்கு வரவைக்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை. அங்கே சாமியாருக்கு என் முகம் தெரியாது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை என்னை என்ன செய்தது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. செம்மங்குப்பம் பக்கத்துக் கம்பெனியில் முப்பது வருஷம் கேட்டில் நின்றேன். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்கள் ஒரு மரப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கோலியை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். யாரையும் குறிவைத்துச் சோதிக்கிறோம் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நான் அந்தப் பெட்டியை ஒருநாளும் நம்பியதில்லை. வெள்ளைக் கோலி எடுத்தவனையும் நிறுத்துவேன். அதிலும் சிரித்துக்கொண்டு போகிறவனைக் கட்டாயம் நிறுத்துவேன். எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ஒருவன் எப்படிச் சிரிப்பான், உள்ளே என்னமோ இருக்கிறது என்று தோன்றும். ஒரு ஆபரேட்டரை அப்படி எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன். கடைசிவரை அவர் பையில் காலி டிபன் பாக்ஸைத் தவிர எதுவும் கிடைத்ததில்லை. கிடைக்காததால் அவர் மேல் எனக்குச் சந்தேகம் ஜாஸ்திதான் ஆனது.

அந்தக் கேட்டை நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். நீ ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவதாக வந்த அன்று, கம்பெனியில் கழித்துப்போட்ட நீள ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துவந்தேன். தேதி, போன நேரம், வந்த நேரம், குறிப்பு என்று அதில் ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. லாரிக்கும் ஆளுக்கும் போட்ட கோட்டில் உன்னை எழுத ஆரம்பித்தேன். விடியற்காலையில் நீ தேவனாம்பட்டினம் ரோட்டில் ஓடுவாய், நான் டிவிஎஸ்ஸில் பின்னால் வருவேன். மழை, பண்டிகை, பரீட்சை எதற்கும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட முதல் பூசைக்கு முன்னால் உன்னை ஓடவிட்டுத்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். உன் அம்மா ஒருநாள் வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஞாயித்துக்கெழமகூட புள்ளைய விடமாட்டீங்களா? ஆண்டவரே ஒரு நாளு உக்காந்தாரு!" என்றாள். "அவரு வேலைய முடிச்சிட்டு உக்காந்தாரு, இவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றேன். என்ன சாமர்த்தியமான பதில் என்று அன்று நாள் முழுக்க எனக்கே பெருமையாக இருந்தது.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் நீ வந்து, "கணுக்காலுக்கு மேல வலிக்குதுப்பா" என்றாய். உன்னை உட்காரவைத்து அந்த இடத்தை அழுத்தினேன். அழுத்தும்போது காலைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தேன். கேட்டில் பையைத் துழாவும்போது நாங்கள் பையைப் பார்ப்பதில்லை, ஆளின் முகத்தைத்தான் பார்ப்போம். நீ முகம் சுளிக்கவில்லை. வலி இல்லை, சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். ஓடு என்றேன். ஒன்பது நாள் ஓடினாய். பத்தாம் நாள் மைதானத்தில் இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாய். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல் என்றார்கள். முகத்தைச் சுளித்தால் நான் நடிப்பு என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் பல வருஷம் கழித்து உன் அம்மா சொல்லித்தான் தெரியும். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கல் தடுக்கி விழுந்துவிட்டான் என்று சொன்னேன். அந்தக் கல் நான்தான். இதுவரை உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடு.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். நீ சிதம்பரத்தில் வேலைக்குப் போய், பல்கலைக்கழக மைதானத்தில் கோச் சாரிடம் பயிற்சி எடுக்க ஆரம்பித்த பிறகும் ரிஜிஸ்டர் நிற்கவில்லை. காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நேரத்தை உன் அம்மா போனுக்கு அனுப்புவாய். அவள் காபியோடு வந்து கண்ணாடியை மூக்கில் தள்ளி, போனைத் தூரமாகப் பிடித்துப் படிப்பாள். நான் எழுதிக்கொள்வேன். நாற்பது ஐம்பத்தேழு, நாற்பத்திரண்டு மூன்று, நாற்பத்தொன்று முப்பத்தாறு என்று நிமிஷமும் செகண்டுமாக வரும். திடீரென்று ஒரு திங்கட்கிழமையிலிருந்து வேறு மாதிரி வர ஆரம்பித்தது. நாற்பத்தொன்று பத்து. நாற்பத்தொன்று இருபது. மறுபடியும் நாற்பத்தொன்று பத்து. முதல் வாரம் பேசாமல் எழுதினேன். இரண்டாவது வாரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்தேன். கேட்டில் உண்மையாக வந்தவனின் நேரம் எட்டு மூன்று, எட்டு பதினேழு என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும். வராதவனுக்காக இன்னொருவன் எழுதிவைத்த நேரம்தான் எட்டு பத்து, எட்டு இருபது என்று அழகாக இருக்கும். இவன் ஓடவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து பொய் அனுப்புகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

உன் அம்மாவிடம் பண்ருட்டியில் பழைய சகா ஒருவர் வீட்டில் கல்யாணம், ஒரு ராத்திரி தங்கி வருவேன் என்று சொன்னேன். ரிஜிஸ்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். சனிக்கிழமை முழுக்க உன் அறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு டீ குடித்தேன். நீ ஏழரை மணிக்கு வெளியே வந்தாய். தலை வாரவில்லை. தெருமுனைக் கடையில் இட்லியும் கொத்சும் வாங்கி, இன்னொரு தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஓடுகிறவன் இப்படிச் சாப்பிடமாட்டானே என்று நினைத்தேன். சாயங்காலம் மைதானத்துக்குப் போனாய், அப்பாடா என்றிருந்தது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். குடியா, பெண்ணா, கெட்ட சகவாசமா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உன்னோடு தங்கியிருக்கும் வினோத் மேல் சந்தேகம், அந்தக் கோச் மேல் சந்தேகம். களைத்துப்போயிருப்பாய் என்ற ஒன்று மட்டும் என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் வினோத்தும் பிச்சாவரம் பஸ்ஸில் ஏறினீர்கள். நான் பின்வாசல் வழியாக ஏறினேன். நீங்கள் படகில் போய்த் திரும்பும்வரை இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். படகு திரும்பி வந்தது. நீ காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வினோத் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாய். இறங்கியதும் எதிரே போய் நின்றேன். "என்னாடா, நல்லா இருக்கியா? இன்னிக்கு எவ்ளோ நேரம், நாப்பத்தொண்ணு பத்தா, இருவதா?" என்றேன். "மச்சான், யாருடா?" என்று வினோத் கேட்டான். "எங்க அப்பா" என்றாய். நான் ரிஜிஸ்டரைத் திறந்து, டிக்கெட் வாங்க நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி ஒவ்வொரு நாளாகப் படித்தேன்.

அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "எந்தத் தேதியிலேருந்துப்பா இது?" என்றாய். நான் அதை நழுவுகிற பேச்சு என்று நினைத்தேன். ரிஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கி அந்த இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே பார்த்தாய். பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஆமாப்பா. நான்தான் பொய்யா அனுப்புனேன்." பிறகு கோச் ஆறு வாரம் ஓடவே கூடாது என்று சொன்னதையும், அதற்கு மேலும் ஓடுவாயா என்பது உனக்கே தெரியாது என்பதையும், இனி நேரம் கேட்டால் வீட்டுக்கு வரமாட்டாய் என்பதையும் சொன்னாய். அதே மூச்சில், "சாப்டீங்களா?" என்று கேட்டாய். சிதம்பரம் வரை வந்து, ஜன்னலோர சீட்டில் என்னை உட்காரவைத்து, பஸ் கிளம்பும்வரை கீழே நின்றாய். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. முப்பது வருஷம் முகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்தவன், அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பண்ருட்டிக் கல்யாணம் பொய் என்பதைக்கூட அவள் கேட்கவில்லை. "தம்பி அப்பிடியா சொன்னான்? தான்தான் அனுப்புனேன்னு?" என்று மட்டும் கேட்டாள். சமையலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து காபி மட்டும் வந்தது, நேரம் வரவில்லை. இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் கூட்டு என்று எனக்கு அடுத்த சந்தேகம் கிளம்பியது. அவள் போனைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் பூசைக்குப் புறப்பட்டு நின்றாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, "முட்டி வலிக்குது, நீ மட்டும் போயிட்டு வா" என்றேன். சுத்தப் பொய். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுத்திப் பார்க்கவில்லை. "எந்த முட்டி?" என்று கேட்டாள். வலது என்றேன். உடுத்திய நல்ல புடவையோடு அடுப்பில் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, கீழே உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். "ரெண்டு நாளு எங்கயும் போவாதீங்க, காலு எளப்பாறட்டும்" என்றாள். பூசைக்கு மணி அடித்த பிறகுதான் கிளம்பினாள். போன் என் தலைமாட்டிலேயே கிடந்தது. என் பட்டன் போனில் காசு தீர்ந்திருந்ததால், நான் அவசரத்துக்கு உன்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முட்டியைத் தொட்ட எண்ணெய்க் கையோடு போனைத் திறந்தேன். எழுதத்தான் வராது, படிக்க வரும். நீ கடைசியாக அனுப்பிய நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்கு மறுநாள், "அம்மா, ஆறு வாரம் ஓடக்கூடாதுன்னு கோச் சொல்லிட்டாரு. காலைல ஷூவப் பாத்தாலே கொமட்டுது. ராத்திரி தூக்கமும் இல்ல. ஷூவ வினோத்துகிட்ட குடுத்து ஒளிச்சி வைக்கச் சொல்லிட்டேன். அப்பாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்று எழுதியிருந்தாய். அவள், "நீ தூங்கு தம்பி. அப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்று பதில் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நேரம்கூட நீ அனுப்பவில்லை. கண்ணாடியை மூக்கில் தள்ளி, போனைத் தூரமாகப் பிடித்து, ஒன்றுமில்லாத போனிலிருந்து உன் அம்மா எனக்குத் தினமும் நேரம் படித்துக் காட்டியிருக்கிறாள்.

பிச்சாவரத்தில் நீ தேதி கேட்டது எதற்கென்று அப்போது புரிந்தது. அந்தப் பொய் உனக்கே தெரியாது. இரண்டு பக்கத்தைப் பார்த்ததும் யார் சொன்ன பொய் என்று கண்டுபிடித்து, அத்தனை பேர் முன்னால் அதை உன் தலையில் போட்டுக்கொண்டாய். அன்று ராத்திரி நீ அவளுக்கு எழுதியதையும் படித்தேன். "நான்தான்னு சொல்லிட்டேம்மா, நீங்க வாயத் தொறக்காதீங்க. ஆனா கேட்ல நின்ன ஆளுகிட்டப் போயி எல்லாத்தையும் பத்து, இருவதுன்னு சொல்லுவீங்களா?" அதற்கு அவள்: "நீ ஓடலன்னா அவரு சாப்புடமாட்டாருடா. ஒனக்குக் கட்டு போட்டிருந்தப்ப பாத்தேன்ல. நோட்ட வச்சிக்கிட்டு உக்காந்தே இருந்தாரு."

அவள் திரும்பி வருவதற்குள் போனை இருந்த இடத்தில் வைத்தேன். திரையில் என் எண்ணெய் விரல் பதிந்திருந்ததைத் துடைத்தேன். முப்பது வருஷம் கேட்டில் திருடனைத் தேடினேன், அன்றைக்குத்தான் ஒருவனைப் பக்கத்தில் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவமானப்படுவாள். நீயும் சொல்லாதே. சொல்லிவிடுவாய் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வெடு என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ரிட்டையர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியும் நாலு மணிக்கு எழுந்து வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பால்காரன் நேரத்தை மனதில் குறித்துக்கொள்கிறேன். சும்மா உட்கார எனக்குத் தெரியாது, சும்மா உட்காருகிறவனைக் கண்டால் பொறுக்கவும் பொறுக்காது. அதை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. ஷூவைப் பார்த்துக் குமட்டினால் விட்டுவிடு. ஆறு வாரம் போதவில்லை என்றால் ஆறு மாதம் விடு. காலில் விரிசல் விழுந்ததை எக்ஸ்ரே காட்டியது. இந்தத் தடவை எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் கோச் சொன்னதும் நின்றுவிட்டாய், அதற்கு என்னைவிட ஜாஸ்தி புத்தி வேண்டும், உனக்கு அது இருக்கிறது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, வலிக்குது என்று வந்து நின்றால், நம்பிவிடு. பொய்யாகவே இருக்கட்டும், கொஞ்சம் எண்ணெய்தானே செலவாகும்.

ஆறு வாரம் போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தேன். இன்று காலை உன் அம்மா காபி கொண்டுவந்தாள். என் பக்கம் திரும்பாமல், கொடியில் துணியை உதறிப் போட்டுக்கொண்டே, "தம்பி இன்னிக்கு மறுபடி ஓடுனானாம். நாப்பத்தாறு பதினேழாம்" என்றாள். பதினேழு! பத்தும் இல்லை, இருபதும் இல்லை. நீ உண்மையாகவே ஓடினாயா, இல்லை நீ சொல்லிக் கொடுத்தபடி அவள் கோணலாகச் சொல்லக் கற்றுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாக ரிஜிஸ்டர் இருந்த பக்கம் போனது. போன கையால் காபியை எடுத்தேன். "சர்க்கரை கம்மியா இருக்கு" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து போட்டாள். குடித்துவிட்டு நேராகத் தபாலாபீஸுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. காலையில்தான் வர வேண்டும் என்று இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லி கொத்சு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. வினோத்தையும் கூட்டிவா, அவனிடம் நான் தனியாகப் பேச வேண்டும். உன் ஷூவை ஒளித்துவைத்ததற்கு அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். நீ வரும்போது பையில் ஷூ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டேன். பார்க்கத் தோன்றும், அது என் வியாதி. அதனால் உன் பையை உன் அம்மாவே வாங்கி உள்ளே கொண்டுபோகட்டும். நான் கேட்டைத் திறந்துவிட மட்டும் வருகிறேன்.

அப்பா